ஒரே தெருவில் வெள்ளமும் வறட்சியும்: நகரத்தை ஓர் அமைப்பாகப் படிப்பது எப்படி?

2015 டிசம்பரில் படகு விட்டு ஆட்களை மீட்ட சென்னைத் தெருக்கள் பலவற்றில், 2019 ஜூனில் காலிக் குடங்களை வரிசையில் வைத்து லாரிக்காகக் காத்திருந்தார்கள். வழக்கமாக இவற்றை இரண்டு தனிக் கதைகளாகச் சொல்லி முடித்துவிடுவோம். முதலாவதற்கு வரலாறு காணாத மழை காரணம், இரண்டாவதற்குப் பருவமழை பொய்த்தது காரணம். ஆனால் அந்த நான்கு வருடங்களில் ஏரியும் வடிகாலும் நிலத்தடிப் பாறையும் பெரிதாக மாறிவிடவில்லை. ஒரே அமைப்புதான் ஒரு வருடம் வெள்ளத்தையும் இன்னொரு வருடம் வறட்சியையும் கொடுத்தது. ஆகவே உங்கள் பகுதியைப் பற்றி நீங்கள் வரையும் எந்தப் படமும் இரண்டையும் விளக்க வேண்டும். ஒன்றை மட்டும் விளக்கினால் அந்தப் படம் தவறு. கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த ஒரு சோதனையை நோக்கித்தான் போகிறது.

நகரம் முழுவதையும் ஒரே மூச்சில் புரிந்துகொள்ள முயலாதீர்கள். போக்குவரத்து, குப்பை, வாடகை, மின்சாரம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை என்பது உண்மைதான். அதற்காக எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அம்புக்குறி போட்டால் படம் நன்றாக இருக்கும், அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, அது போகும் இடமெல்லாம் பின்னால் போங்கள். சென்னைக்குத் தண்ணீரைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. இங்கே உதாரணத்துக்கு வேளச்சேரியை எடுத்துக்கொள்கிறோம். முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

எல்லை போடுவது

வார்டு வரைபடத்தை வைத்துத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. மாநகராட்சியின் 200 வார்டுகளும் நிர்வாகத்துக்காகவும் வாக்குக்காகவும் போட்ட கோடுகள். தண்ணீருக்கு வேறு கோடு. ஆதம்பாக்கம் ஏரிப் பக்கத்து நீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையை (ஓ.எம்.ஆர்.) கடந்து, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே கோவளம் பக்கம் முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. வேளச்சேரித் தெருவில் தேங்கிய நீர் எத்தனை மணிக்கு வடியும் என்பதை, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பாலத்தின் கண் அகலம் தீர்மானிக்கலாம். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எவ்வளவு சண்டை போட்டாலும் அந்தப் பாலம் அவர் கையில் இல்லை.

ஆகவே மூன்று எல்லைகளை மூன்று நிறத்தில் வரையுங்கள். முதலாவது, உங்கள் தெருவுக்கு மழைநீர் வந்து சேரும் பரப்பு. இரண்டாவது, உங்கள் தெருவிலிருந்து கடல் வரைக்கும் நீர் போகும் பாதை. மூன்றாவது, குடிநீர் எங்கெங்கிருந்து வருகிறது என்பது. இந்த மூன்றாவது எல்லைதான் மிகவும் விரியும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளோடு நிற்காது. கடலூர் மாவட்டத்து வீராணம், ஆந்திராவிலிருந்து கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள், தனியார் லாரிகள் நீர் எடுக்கும் புறநகர் விவசாயக் கிணறுகள் எல்லாம் உள்ளே வரும். மூன்று கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. பொருந்தாத இடங்களைக் குறித்து வையுங்கள். யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத இடங்கள் பெரும்பாலும் அவைதான்.

முதல் எல்லையைக் கண்டுபிடிக்க வருவாய்த் துறை ஆவணத்திலிருந்து தொடங்கலாம். ‘அ’ பதிவேட்டிலும் டவுன் சர்வே பதிவேட்டிலும் வாய்க்கால் புறம்போக்கு, ஏரி புறம்போக்கு, ஓடை என்று வகைப்படுத்திய சர்வே எண்கள் இருக்கும். அவற்றைப் புலப்படத்தோடு, அதாவது சர்வே எண் வாரியான நில அளவை வரைபடத்தோடு, ஒப்பிட்டால், இன்று சந்தாகவோ காம்பவுண்டு சுவராகவோ இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நீர் எந்தத் திசையில் ஓடியது என்று தெரியும். மேடு பள்ளம் மாறாதவரை, கனமழை வந்தால் நீர் இன்றும் அந்தத் திசையைத்தான் தேடும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவை நம்பி இந்த வேலையைச் செய்யாதீர்கள். அதில் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம், உயரப் பிழை சில மீட்டர் வரை போகும். போதாததற்கு மரம், மொட்டைமாடி உயரமும் தரையோடு கலந்துவிடும். 20 செ.மீ. வித்தியாசம்தான் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதை முடிவு செய்கிறது. அதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும்.

டியூப் லெவல் பிடிப்பது

15 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 10 மி.மீ. உள்விட்டம் உள்ள கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள். ஒரு முனையை வாளியில் அமிழ்த்தி மறுமுனையில் உறிஞ்சி மெதுவாக நிரப்புங்கள். குழாயை நேரே பைப்பில் செருகி வேகமாக நிரப்பினால் காற்றுக் குமிழ் தங்கும், குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும். நிரப்பியதும் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு நீர்மட்டமும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் குமிழோ மடிப்போ இருக்கிறது என்று பொருள். இன்னொரு வழக்கமான தவறு, தண்ணீர் கொட்டிவிடுமே என்று முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அளவைப் படிப்பது. படிக்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும்.

தொடக்கப் புள்ளியாக இடம் மாறாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய கோயில் படிக்கட்டு, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்றவை சரி. சாலை வேண்டாம், அதுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து 12 மீட்டர், 12 மீட்டராகத் தாண்டிப் போங்கள். ஒவ்வொரு தாண்டலிலும் சில மி.மீ. பிழை வரும். ஆகவே தெருவைச் சுற்றி மீண்டும் தொடக்கப் புள்ளிக்கே வந்து முடிக்க வேண்டும். 200 மீட்டர் சுற்றில் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முழுவதையும் மறுபடி எடுப்பதுதான் நல்லது.

எடுக்க வேண்டிய மட்டங்கள் இவை: சாலையின் நடு மேடு, வடிகாலின் மேல் விளிம்பு, வடிகாலின் அடி, கழிவுநீர் மேன்ஹோல் மூடி, ஒவ்வொரு வீட்டின் தரைமட்டம், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சம்ப் மூடி மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால், அந்த வீட்டுக்கு வெள்ளத்தன்றே குடிநீர்ப் பஞ்சமும் தொடங்கிவிடும். தெருவில் நிற்பது மழைநீர் மட்டும் அல்லவே.

இருப்பு, வரத்து, வெளியேற்றம்

ஏரி நிலவரம் போடும் நாளிதழ்ச் செய்தியில் தினமும் பார்க்கிற மூன்று சொற்கள்தான் இவை. எந்த அமைப்பையும் படிக்க இந்த மூன்றும் வேண்டும். தேங்கி நிற்பது இருப்பு. உள்ளே வருவது வரத்து. போவது வெளியேற்றம். உங்கள் தெருவுக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். எல்லாவற்றையும் லிட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வரியில் டி.எம்.சி., அடுத்த வரியில் லாரி, அதற்கடுத்து செ.மீ. என்று எழுதினால் கணக்கு கண்ணுக்கே தெரியாது. ஒரு சதுர அடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 0.93 லிட்டர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக 10 செ.மீ. மழையில் ஒரு கிரவுண்டில் விழுவது சுமார் 22,300 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு 12,000 லிட்டர் லாரி.

60 கிரவுண்டு உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. அந்த 60 கிரவுண்டில் ஒரு வருடத்தில் விழுவது சுமார் 1 கோடியே 87 லட்சம் லிட்டர். கிரவுண்டுக்கு ஒரு தனி வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், தெருவின் ஆண்டுத் தேவை 1 கோடியே 18 லட்சம் லிட்டர்தான். மழையே மிச்சம். இப்போது அதே தெருவில் ஒவ்வொரு தனி வீட்டையும் இடித்துவிட்டு எட்டு ஃபிளாட் கட்டுங்கள். தேவை எட்டு மடங்கு, அதாவது 9 கோடியே 46 லட்சம் லிட்டர். மழை அதே அளவுதான். இப்போது அது தேவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மழை குறையவில்லை, ஏரி வற்றவில்லை, தெரு மட்டும் தண்ணீர் வாங்கும் தெருவாகிவிட்டது.

வெள்ளக் கணக்கையும் இதிலேயே பார்க்கலாம். ஆண்டு மழையில் சுமார் 60 விழுக்காடு வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும். 10 செ.மீ. பெய்யும் ஒரு நாளில் இந்தத் தெருவில் விழுவது 13 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். 60 மனையிலும் தலா 10,000 லிட்டர் சம்ப் காலியாகத் திறந்திருந்தாலும் 6 லட்சம்தான் பிடிக்கும். மீதி நிலத்துக்குள் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் சாலைக்கு வர வேண்டும்.

நிலத்துக்குள் இறங்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் மணல், தண்ணீர் சட்டென்று இறங்கும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர் பக்கம் களிமண். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரியில் அடியில் பாறை. 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது, ஒரே வடிவக் குழியை எல்லா இடத்திலும் தோண்டிய வீடுகள் ஏராளம். மணலில் வேலை செய்யும் ஆழமில்லாத குழி களிமண்ணில் கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். அங்கே களிமண் அடுக்கைத் துளைத்துக் கீழே போகும் குழாய்க் கிணறு வேண்டும். பாறைப் பகுதியில் நிலத்தின் கொள்ளளவே குறைவு என்பதால், கூரை நீரை வடிகட்டி முதலில் சம்ப்புக்கும், நிரம்பி வழிவதைத் திறந்த கிணற்றுக்கும் விடுவது உருப்படியான ஏற்பாடு.

ஓராண்டு எதை அளப்பது

மழையைச் செங்குத்தான சுவர் உள்ள, வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து அளவுகோலால் அளக்கலாம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் தள்ளி வையுங்கள். வானிலை மையம் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரு நாளாகக் கணக்கிடுகிறது. நீங்களும் அதே நேரத்தில் எடுத்தால்தான் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவோடு ஒப்பிட முடியும். ஆனால் நாள் கணக்கு மட்டும் போதாது. 10 செ.மீ. மழை 20 மணி நேரத்தில் பெய்தால் தெருவில் ஈரம், இரண்டு மணி நேரத்தில் பெய்தால் முழங்கால் தண்ணீர். ஆகவே பெருமழை நாட்களில் அரை மணிக்கொரு முறை குறித்துக்கொள்ளுங்கள்.

கிணற்று நீர்மட்டத்தை மாதம் இரண்டு முறை, அதிகாலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால் எடுங்கள். கயிற்றில் எடை கட்டி இறக்கினால் போதும். மோட்டார் ஓடி நின்ற கையோடு எடுத்தால் கிடைப்பது உண்மையான நீர்மட்டம் அல்ல, மோட்டார் இழுத்ததால் உண்டான பள்ளம். போர்வெல்லில் குழாயும் கேபிளும் தடுக்கும் என்பதால், மோட்டார் போட்டு எத்தனை நிமிடத்தில் காற்று வாங்குகிறது என்பதை எழுதி வைக்கலாம். துல்லியம் இல்லை, ஆனால் போக்கு தெரியும். அதே நாளில், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கி எண்ணைக் குறியுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்புடையது, வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை அனுமதி. கடலோரத்தில் மட்டம் குறையும்போது டிடிஎஸ் ஏறிக்கொண்டே போனால் கடல்நீர் உள்ளே வருகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

இவற்றோடு லாரி முன்பதிவு செய்த தேதியையும் வந்த தேதியையும் எழுதுங்கள். நகரம் முழுவதின் நெருக்கடியும் இந்த ஒரு இடைவெளியில் தெரியும். ஏரி நிலவரச் செய்தி வருவதற்கு முன்பே இது நீளத் தொடங்கிவிடும்.

சுழல்களைப் பிடிப்பது

கணக்கு வைத்தால் எவ்வளவு என்று தெரியும். ஏன் ஒவ்வொரு வருடமும் மோசமாகிறது என்று தெரிய வேண்டுமானால் சுழல்களைத் தேட வேண்டும். ஒன்றின் விளைவு சுற்றிவந்து அதன் காரணத்தையே பெரிதாக்கும் இடம் எது என்று பாருங்கள்.

சாலை மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நீர் தேங்கி தார் பெயர்கிறது. ஒப்பந்தக்காரர் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே 4, 5 செ.மீ. புதுத்தார் போடுகிறார். ஐந்து முறை போட்டால் 20 முதல் 25 செ.மீ., ஒரு படிக்கட்டு உயரம். இப்போது சாலை நீர் வீட்டுக்குள் வருகிறது. வசதி உள்ளவர் வாசலை உயர்த்தி, காம்பவுண்டுக்குள் கிராவல் கொட்டிக் கான்கிரீட் போடுகிறார். அவர் மனை இதுவரை உறிஞ்சிய நீரும் சாலைக்கு வருகிறது. எதிர்வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்குகிறார். இரண்டு பேரும் செய்தது அவரவர் அளவில் சரியான முடிவு. தூக்க வசதியில்லாத மூன்றாவது வீடு தெருவின் குளமாகிறது. சாலையில் நிற்கும் நீர் கூடியதால் தார் இன்னும் சீக்கிரம் பெயர்கிறது, மறுபடி ஒரு அடுக்கு. பழைய தாரை மில்லிங் செய்து எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது இந்தச் சுழலை அறுக்கத்தான். உத்தரவு நடைமுறையில் இருக்கிறதா என்பதை உங்கள் டியூப் லெவல் அளவு சொல்லிவிடும்.

போர்வெல் சுழல் எல்லோருக்கும் தெரிந்தது. மட்டம் இறங்கினால் ஆழமாகப் போடுகிறோம், அதனால் இன்னும் இறங்குகிறது.

அதிகம் கவனிக்கப்படாதது மேன்ஹோல் சுழல். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதும் யாராவது கம்பியை விட்டு மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் தெரு வடியும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கழிவுநீர்க் குழாய் மழைநீருக்குப் போட்டதல்ல. அது நிரம்பி, தாழ்வான அடுத்த தெருவில் மேன்ஹோல் வழியாகப் பொங்கும். அங்கே கழிவறைக்குள் எதிர்த்து ஏறும். இதோடு கழிவுநீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனால் நிலைமை இன்னும் மோசம். பாதுகாப்புக்காக வெள்ளப் பகுதியில் மின்சாரத்தை நிறுத்துவதும் தேவைதான். நீர், மின்சாரம், கழிவுநீர் என்று மூன்று துறைகள் தனித்தனியாகச் சரியாக நடந்துகொண்டும் மொத்தத்தில் தெரு நாறுவது இப்படித்தான். இன்னொன்று, திறந்த மேன்ஹோல் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. அதில் விழுந்து உயிர் போகும்.

வரம்பைத் தாண்டினால்

நகரம் நேர்க்கோட்டில் நடந்துகொள்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு வடிகாலே போதும். உள்ளளவு 90 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழம், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு உள்ள கான்கிரீட் வடிகால் என்று கொள்வோம். வடிகாலில் ஓடும் நீரைக் கணக்கிட உதவும் மேனிங் சூத்திரப்படி அது முழுதாக ஓடினால் நொடிக்கு சுமார் 765 லிட்டர் கொண்டுபோகும். மணிக்கு 5 செ.மீ. மழையில் விழும் நீரில் 80 விழுக்காடு வடிகாலுக்கு வந்தால், இது சுமார் 17 ஏக்கருக்குப் போதும். அடியில் 30 செ.மீ. வண்டல் படியட்டும். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போனது, ஆனால் கொள்ளளவு 460 லிட்டராக, அதாவது 40 விழுக்காடு குறைந்துவிடும். இப்போது 10 ஏக்கருக்குத்தான் காணும். மீதி 7 ஏக்கர் நீர் தெருவில். சராசரி மழையில் இது வெளியே தெரியாது. ‘போன வருடம் தேங்கவில்லையே’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு மழை வரம்பைத் தாண்டும், அன்று எல்லாம் ஒரே நேரத்தில் தேங்கும்.

ஆகவே வண்டலின் ஆழத்தைச் செப்டம்பரில் ஒரு குச்சியை விட்டு அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘தூர்வாரவில்லை’ என்று புகார் கொடுப்பதைவிட, ‘90 செ.மீ.யில் 30 செ.மீ. வண்டல்’ என்று இடத்தோடு கொடுத்தால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

மேலே சொன்ன கணக்கு வடிகாலின் கடைவாய், அதாவது நீர் வெளியேறும் கடைசி முனை, திறந்திருந்தால் மட்டும் பொருந்தும். சென்னையின் கிழக்குப் பகுதி தட்டையானது. கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவைக் கஷ்டப்பட்டு உண்டாக்கியிருக்கும் வடிகாலுக்கு இது பெரிய எதிரி. ஏற்ற நேரத்தில் வெளியேற்றம் நின்று, நீர் பின்னோக்கி ஏறும். அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் மணல் திட்டு அடைத்துக்கொள்வதும் சேர்ந்தால் இன்னும் மோசம். 19-ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டியதும் கரையோர மணல் தெற்கே தேங்கத் தொடங்கியது. மெரினா அகன்றதும் காசிமேட்டுப் பக்கம் கடல் அரித்ததும் அதன் விளைவுதான். கப்பலுக்காகக் கட்டிய சுவர் ஆற்று வாயையும் தொட்டது. இப்படித் தொலைவில் உள்ள இணைப்புகளைத் தேடும்போது, அமைப்பின் உண்மையான உருவம் மெல்லப் பிடிபடும். பெருமழை நாளில் உங்கள் தெருவில் நீர் வடியத் தொடங்கிய நேரத்தைக் கடல் ஏற்ற இறக்க நேரத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை உங்கள் தெரு வடிகாலில் இல்லை, கடைவாயில். தெருவில் புது வடிகால் கட்டினாலும் பயன் இருக்காது.

தாமதமும் இரட்டை வேலையும்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. நவம்பரில் அதை நிரப்பி வைக்காவிட்டால் மே மாதத்தில் நகரம் கேள்வி கேட்கும். காலி செய்து வைக்காவிட்டால் டிசம்பர் புயலில் இடம் இருக்காது. ஒரே ஏரிக்கு எதிரெதிரான இரண்டு வேலைகள். 2015 நவம்பரில் சென்னையில் மட்டும் 100 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. நிறைந்த ஏரிமேல் டிசம்பர் 1 மழை விழுந்ததும் வெளியேற்றம் நொடிக்கு 29,000 கன அடி வரை போனது. அந்த வேகத்தில் திறந்தால் நிறைந்த ஏரியே சுமார் 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். அடையாற்றுக்கு இந்த நீர் மட்டும் வரவில்லை, மேலே உள்ள பல ஏரிகளின் உபரியும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது காலத் தாமதம். ஏரியைத் திறக்கும் முடிவுக்கும் அதன் பலன் தெரியும் நாளுக்கும் இடையில் வெள்ளத்தில் சில மணி நேரம், வறட்சியில் ஆறு மாதம். நிலத்தடி நீருக்கு இன்னும் அதிகம். தாமதம் நீளமான இடங்களில் மனிதர்கள் கடைசியாகப் பட்ட அடியை வைத்தே முடிவு எடுப்பார்கள். வெள்ளத்துக்கு அடுத்த வருடம் சீக்கிரம் திறக்கச் சொல்லும் அழுத்தம், வறட்சிக்கு அடுத்த வருடம் ஒரு சொட்டையும் விடாதே என்ற அழுத்தம். உங்கள் படத்தில் ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். நிமிடம், நாள், பருவம், வருடம் என்ற நான்கு பிரிவு போதும். எழுத முடியாத அம்புக்குறி இருந்தால் அது உங்களுக்கு இன்னும் புரியாத தொடர்பு.

மனிதர்கள் கற்றுக்கொள்கிறார்கள்

குழாயும் மதகும் நேற்று நடந்துகொண்டபடியே இன்றும் நடந்துகொள்ளும். மனிதர்கள் அப்படி இல்லை. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததுமே, மழை பெரிதாகத் தொடங்கும் முன்பே, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் வரிசையாக நின்றன. முந்தைய வெள்ளங்களில் காரை இழந்தவர்களும் அதைப் பார்த்தவர்களும் செய்தது. போக்குவரத்துக்குக் கட்டிய பாலம் வெள்ள நாளில் வாகன நிறுத்தமானது. பாலத்தின் பயனுள்ள அகலம் அன்று குறைந்தது. ஆம்புலன்ஸ் திட்டம் போடுகிறவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் வரையும் எந்தப் படத்திலும் ‘முன்பு அனுபவப்பட்டவர்கள் இந்த முறை என்ன மாற்றிச் செய்வார்கள்?’ என்று ஒரு வரி இருக்கட்டும். லாரி வராது என்ற வதந்தி கிளம்பினால் எல்லோரும் ஒரே நாளில் பதிவு செய்வார்கள், வதந்தி உண்மையாகிவிடும். அதுவும் இந்த வரியில்தான் வரும்.

படத்தைச் சோதிப்பது

இப்போது உங்கள் கையில் மட்டங்களின் வரைபடம், லிட்டர் கணக்கு, மூன்று நாலு சுழல்கள், தாமதங்கள் எல்லாம் இருக்கும். முதல் சோதனை, தொடக்கத்தில் சொன்னதுதான். 2015 டிசம்பர் மழையை உள்ளே விட்டால் உங்கள் படம் எந்த வீடுகளில் நீர் புகுந்ததாகச் சொல்கிறது? சுவரில் இன்னும் கறை இருக்கும், ஒப்பிடுங்கள். பிறகு 2019-ஐ விடுங்கள். எந்த மாதத்தில் எந்தக் கிணறு வற்றியதாகச் சொல்கிறது? ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை வந்தபோது உங்கள் தெருவில் யாருக்குத் தண்ணீர் இருந்தது, யாருக்கு இல்லை? வெள்ளம் பொருந்தி வறட்சி பொருந்தாவிட்டால், பெரும்பாலும் நிலத்தடிப் பகுதியை விட்டிருப்பீர்கள். வறட்சி பொருந்தி வெள்ளம் பொருந்தாவிட்டால் கடைவாயைப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை கணிப்பு. அக்டோபர் முதல் வாரத்தில் எழுதித் தேதி போட்டு மூடி வையுங்கள்: மணிக்கு 3 செ.மீ. பெய்தால் எந்த முனையில் முதலில் தேங்கும், எத்தனை மணி நேரத்தில் வடியும். பருவம் முடிந்ததும் பிரியுங்கள். பொருந்தாத வரிகளில் பெரும்பாலும் யாரோ புதிதாக எழுப்பிய சுவர், மூடிய வாய்க்கால், கட்டுமானக் குப்பை கொட்டிய வடிகால் என்று ஏதாவது ஒன்று அகப்படும்.

மாற்றம் எதையாவது முன்வைக்க நினைத்தால், அது தண்ணீரை நீக்குகிறதா, பக்கத்துத் தெருவுக்கு நகர்த்துகிறதா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். நகர்த்துகிறது என்றால் அந்தத் தெருக்காரர்களையும் அழைத்துப் பேசுங்கள், அவர்கள் பக்கத்து மட்டங்களையும் எடுங்கள். பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகும்போது முழுப் படத்தையும் கொண்டுபோக வேண்டாம். மட்டங்கள் குறித்த ஒரு தாள், வண்டல் அளவு ஒரு தாள், கேட்பது ஒரே ஒரு வேலை. சாலை மறுபடி போடப் போகிறார்கள் என்ற நோட்டீஸ் வந்த அன்றே மட்டம் எடுத்துவிடுங்கள், போட்டு முடித்த வாரமும் எடுங்கள். இரண்டுக்கும் இடையில் 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால், பழைய தாரை எடுக்கவில்லை அல்லது அரைகுறையாக எடுத்திருக்கிறார்கள். பில் பாஸ் ஆவதற்கு முன் எழுத்தில் கொடுங்கள்.